பிஸ்து சூப்: வெந்த காயும் வேகாத சாந்தும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் தென்கிழக்கில் உள்ள புரோவான்ஸ் பகுதியின் ‘சூப் ஓ பிஸ்து’ என்னும் காய்கறி சூப்பை வீட்டில் செய்து பார்த்திருக்கிறீர்கள். மாடத்தில் வளர்த்த துளசியைப் பூண்டோடு மிக்சியில் அரைத்து, கொதிக்கும் சூப்பில் கொட்டி, மேலும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். சூப் கசந்தது; பச்சை நிறம் பழுப்பாக மாறியது; தக்காளியோடு போட்ட வெள்ளை பீன்ஸ் இரண்டு மணி நேரமாகியும் வேகவில்லை. எந்த இடத்தில் தவறினோம் என்று கேட்கிறீர்கள்.

தவறிய இடங்கள் சில உண்டு. ஆனால் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து கிளம்பியவை. இதைத் துளசிச் சட்னி போட்டுக் கொதிக்கவைக்கும் சூப் என்று எண்ணிக்கொண்டீர்கள். உண்மையில் இங்கே இரண்டு பண்டங்கள் உள்ளன. ஒன்று, வெறும் தண்ணீரில் காய்களும் பீன்ஸும் குழைய வெந்த, வாசனைப் பொருள் ஏதும் பெரிதாகச் சேராத, தனியாகச் சுவைத்தால் சற்றே சப்பென்றிருக்கும் சூப். மற்றொன்று, அடுப்பின் பக்கமே போகாத, பூண்டும் பச்சிலையும் ஆலிவ் எண்ணெயும் கலந்த உறைப்பான சாந்து. அடுப்பை அணைத்த பிறகுதான் இவ்விரண்டும் சந்திக்க வேண்டும். அவியலை இறக்கியபின் பச்சைத் தேங்காய் எண்ணெயையும் கறிவேப்பிலையையும் சேர்த்து மூடிவைக்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் இந்தச் சாந்தும் செய்கிறது. அதைக் கொதிக்கவிட்டால் மிஞ்சுவது எண்ணெய் மிதக்கும் காய்கறித் தண்ணீர்தான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. ‘பிஸ்து’ என்பது இலையின் பெயரன்று. பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் அப்படித் தவறாக நினைக்கிறார்கள். புரோவான்ஸ் மொழியில் ‘பிஸ்தார்’ என்றால் இடித்தல், நசுக்குதல். அதிலிருந்து வந்த ‘பிஸ்து’ இடித்துச் செய்த சாந்தைக் குறிக்கிறது. இத்தாலியின் ‘பெஸ்தோ’வும் அதே பொருளுடைய ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்ததே, இரண்டுக்கும் மூலம் லத்தீன். துவைப்பதால் ‘துவையல்’ என்று நாம் பெயரிட்டதும் இதே வழியில்தான். ஆகவே, தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்றால் ‘பச்சிலைத் துவையல் சூப்’ என்று சொல்வேன். ‘துளசி சூப்’ என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

காரணம், அந்த இலை துளசி அன்று. ஆங்கிலத்தில் ‘பேசில்’ என்று பொதுவாகச் சொல்வதைத் தமிழில் துளசி என்று பெயர்த்து எழுதும் வழக்கம் பரவிவிட்டதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் வெவ்வேறு இனங்கள். கோயிலிலும் மாடத்திலும் நாம் காணும் துளசியில் யூஜெனால் என்னும் மணப்பொருள் மிகுந்திருக்கிறது; கிராம்புக்கு மணம் தருவதும் அதுவே. மருந்துக்கும் கஷாயத்துக்கும் உகந்த அந்தக் காட்டம், ஒரு கைப்பிடி அளவுக்குப் பச்சையாக இடிக்கும்போது நாக்கை மரக்கச் செய்யும். நீங்கள் உணர்ந்த கசப்பில் பெரும்பங்கு அதனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சூப்புக்கு வேண்டிய இலையின் நெருங்கிய உறவினர் நம்மிடம் உண்டு: திருநீற்றுப் பச்சிலை. ஃபலூடாவில் வழுவழுவென்று மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். தாவரவியலின்படி இதுவும் ஐரோப்பியச் சமையலில் புழங்கும் பச்சிலையும் ஒரே இனம். இந்த இனம் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலிருந்துதான் மத்தியதரைக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் மணம் பெரிதும் மாறுபடும். நம் ஊரில் வளரும் வகைகளில் பலவற்றில் சோம்பை நினைவூட்டும் மணம் ஓங்கியிருக்கும். புரோவான்ஸிலும் அண்டையிலுள்ள இத்தாலியின் லிகுரியாப் பகுதியிலும் வளர்க்கும் வகைகளில் பூவின் மென்மையும் சிறிது கிராம்பின் சாயலும் கலந்திருக்கும். திருநீற்றுப் பச்சிலையை இட்டுச் செய்தால் உண்ணத்தக்க, நல்ல மணமுள்ள ஒரு சூப் கிடைக்கும். அது புரோவான்ஸின் சூப்பாக இராது, அவ்வளவுதான். அந்தச் சுவையே வேண்டுமென்றால், ‘ஜெனோவா’ வகை விதையை வாங்கித் தொட்டியில் வளர்ப்பதே நேர்வழி. வெயிலும் தண்ணீரும் இருந்தால் அது நம் மண்ணில் நன்றாகவே வளரும். பூங்கொத்து தலைகாட்டும்போதே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துக் கசக்கத் தொடங்கும்.

இனி பீன்ஸ். சமைப்பவர்களில் பலர் சாந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். சூப்பின் உடல் என்னவோ பீன்ஸில்தான் இருக்கிறது. இந்தச் சூப்பில் இறைச்சிச் சாறோ எலும்புச் சாறோ சேர்ப்பது வழக்கமில்லை. உள்நாட்டுக் கிராமங்களில் சிலர் உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டொன்றைப் போடுவதுண்டு. ஆனால் பொதுவழக்கு வெறும் தண்ணீரே. அந்தத் தண்ணீருக்குக் கனம் தருவது பீன்ஸிலிருந்து கசியும் மாவுச்சத்து. அதனால்தான் இது கோடைக்காலச் சூப்பாக இருக்கிறது. வெள்ளை விதையுள்ள ஒரு வகை, சிவப்புப் புள்ளியிட்ட ஒரு வகை என இரண்டு வகை உரிப்பு பீன்ஸ் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உறையோடு சந்தைக்கு வரும். அவற்றை உரித்தவுடன், ஊறவைக்காமலேயே வேகவைப்பார்கள். 40 நிமிடத்தில் வெண்ணெய் போலாகிவிடும். ஒரு கிலோ உறையுள்ள பீன்ஸை உரித்தால் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் விதை கிடைக்கும். சுக்கினி என்னும் பூசணி வகைக் காயும் தக்காளியும் பச்சிலையும் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவையே. ஒரே பருவத்தில் விளைவன எல்லாம் ஒரே பானைக்குள் போகின்றன. அதற்குமேல் இதில் பெரிய இரகசியம் எதுவுமில்லை.

உறையுள்ள பீன்ஸ் கிடைக்காதவர்கள் உலர்ந்ததைப் பயன்படுத்தலாம். ஆறு பேருக்கு 200 முதல் 250 கிராம் போதும். முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் உப்பு சேர்ப்பது நல்லது. உப்பு போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள்; ஊறவைக்கும் நீரைப் பொறுத்தவரை அது நேர்மாறானது. விதையின் தோலில் பெக்டின் என்னும் பசைப்பொருளை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உப்பிலுள்ள சோடியம் ஓரளவு வெளியேற்றுவதால் தோல் விரைவில் மென்மையாகிறது. உண்மையில் பீன்ஸை வேகவிடாமல் தடுப்பவை மூன்று: நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பழைய விதை, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீர், புளிப்பு. உங்கள் பீன்ஸ் வேகாததற்குப் பெரும்பாலும் தக்காளியே காரணம். அமிலம் சேர்ந்தால் விதையின் உயிரணுச் சுவர்கள் கரைய மறுக்கின்றன. ஆகவே பீன்ஸ் முக்கால் பதத்துக்கு மேல் வெந்த பிறகுதான் தக்காளி பானைக்குள் வர வேண்டும். இளம் உரிப்பு பீன்ஸாக இருந்தால் இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. புரோவான்ஸ் குடும்பங்களில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் நன்றாக வருவதன் காரணம் அதுவே. அவர்கள் செய்முறையை அப்படியே எடுத்து உலர்ந்த பீன்ஸில் செய்யும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைக்க வேண்டும். வேகாத பீன்ஸ் விதைகளில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், வயிற்றைப் புரட்டும் ஒரு நச்சுப் புரதம் உண்டு. குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் மின்பானையில் நேரடியாகப் போடுவது ஆபத்து. பிரஷர் குக்கரில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊறிய பீன்ஸுக்கு அழுத்தம் ஏறியபின் பத்து நிமிடம் என்று தொடங்கிப் பாருங்கள். ஆனால் குக்கரில் வேகவேண்டியது பீன்ஸ் மட்டும்தான், காய்கள் அல்ல. பீன்ஸ் வெந்த நீரை ஒரு துளிகூட வீணாக்கக் கூடாது. சூப்பின் சாறு அதுதான்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. இது மிகத் தொன்மையான கிராமத்து உணவு என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பானையில் உள்ள பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, சுக்கினி ஆகிய நான்கின் மூதாதைகளும் அமெரிக்கக் கண்டத்தவை. 1492க்கு முன் ஐரோப்பாவில் யாரும் அவற்றைக் கண்டதில்லை. அதற்கு முன் மத்தியதரைக் கடற்கரையில் இந்த இடத்தை வகித்த பயறு காராமணி. ஆகவே வெள்ளை பீன்ஸ் கிடைக்காமல் காராமணியைப் போடுகிறவர் மரபை மீறிவிட்டோமோ என்று கூச வேண்டியதில்லை. தெரியாமலே இன்னும் பழைய மரபுக்குப் போகிறார்.

மற்ற காய்களின் அளவு ஆறு பேருக்கு இவ்வாறு இருக்கலாம்: பச்சை பீன்ஸ் 250 கிராம், அதில் பாதி அகலமான தட்டை வகையாக இருந்தால் சிறப்பு, சுக்கினி 400 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், நடுத்தரக் கேரட் இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, அல்லது லீக்ஸ் என்னும் வெங்காய வகைத் தண்டு ஒன்று, நன்கு பழுத்த தக்காளி மூன்று, தோலும் விதையும் நீக்கியது. தண்ணீர் பீன்ஸ் வெந்த நீரையும் சேர்த்து இரண்டரை லிட்டர். கேரட்டை விட்டுவிடுபவர்களும் உண்டு, அது சூப்புக்கு இனிப்பேற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். ஒன்றோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கோஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். அவற்றின் மணம் ஓங்கியது. பச்சிலையோடு போட்டிக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக் கட்டங்களாக நறுக்க வேண்டும். இது அழகுக்காக அன்று: ஒரு கரண்டியில் நான்கைந்து காய்கள் ஒன்றாக ஏற வேண்டும் என்பதற்காக. மார்செய் நகரில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்து மூதாட்டி ஒருவர், ஆகஸ்ட் மாதக் காலைகளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த நறுக்கல் வேலையை ஒரு மணி நேரம் நிதானமாகச் செய்வார். உதவட்டுமா என்று கேட்டால் உரிப்பு பீன்ஸைத்தான் கையில் கொடுப்பார், கத்தியைக் கொடுத்ததில்லை.

காய்களை எண்ணெயில் வதக்குவதா என்று தமிழ்ச் சமையலறையில் பழகிய கை உடனே கேட்கும். இன்றைய செய்முறைகள் பலவற்றில் வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கச் சொல்கிறார்கள், அது குற்றமன்று. ஆனால் பழைய முறையில் எல்லாம் நேராகத் தண்ணீருக்குள்தான் போகும். நான் பழைய முறையின் பக்கம். வதக்கிய வெங்காயம் சூப்புக்குத் தன் இனிப்பையும் வாசனையையும் கொடுத்துவிடுகிறது, பிறகு வரும் பச்சைச் சாந்துக்கு எழுதக் காலியான பலகை கிடைப்பதில்லை. எண்ணெயை ஒரே முறை, பச்சையாக, கடைசியில் சேர்த்தால் அதன் சுவை முழுதும் நாக்குக்கு வந்து சேரும்.

வரிசை எளிது. பீன்ஸ் முக்கால் பதம் வெந்ததும் வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும், இலை பறித்தபின் மிஞ்சிய பச்சிலைத் தண்டு ஒன்றையும் போட்டு 15 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடவும். பிறகு பச்சை பீன்ஸ், சுக்கினி, தக்காளி, உப்பு; இன்னும் 25 நிமிடம். சாந்திலும் சீஸிலும் உப்பு வரவிருப்பதால் இப்போது கைகாத்துப் போடுங்கள். பச்சை பீன்ஸ் கடிபடும் பதத்தில் இருக்க வேண்டும் என்ற இக்கால உணவகப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். எல்லாம் மெத்தென்று வெந்திருப்பதே முறை. உருளைக்கிழங்கில் ஒன்றையும் சுக்கினியில் பாதியையும் நறுக்காமல் முழுதாகப் போட்டு, வெந்தபின் முள்கரண்டியால் மசித்து மீண்டும் கலந்துவிடுவது நல்ல உத்தி. சூப் தானாகவே கெட்டிப்படும். மிக்சியில் அடித்துக் கூழாக்குவது வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் பாஸ்தா. சிறிய வளைகுழல் மக்ரோனியோ தடித்த சேமியாவோ 100 கிராம் போதும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பாயச சேமியா இரண்டே நிமிடத்தில் கரைந்து கஞ்சியாகிவிடும், ஆகவே மக்ரோனியே மேல். பாஸ்தா விடும் மாவும் சேர்ந்தபின் சூப் நீர்த்துப் போகாமல், அகப்பையிலிருந்து கனமாக விழ வேண்டும். அடுப்பை அணைத்து, தண்டை எடுத்து எறிந்துவிட்டு, பானையை 15 நிமிடம் சும்மா விடுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் சாந்தை இடித்துவிடலாம். அங்கே இதற்குப் பளிங்கு உரலும் மரக் குழவியும் வைத்திருப்பார்கள். நம் வீட்டு இடிகல்லோ அம்மியோ அதே வேலையைச் செய்யும், மிளகாய் வாடை இல்லாதபடி கழுவியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தேவையானவை: பச்சிலை 60 கிராம், தண்டு நீக்கி எடைபோட்டது, பூண்டு பெரிய பல் நான்கு, ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, துருவிய சீஸ் 80 கிராம், கல்லுப்பு அரைத் தேக்கரண்டி. பூண்டைப் பிளந்து, நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிட வேண்டும். பழைய பூண்டில் காட்டம் அங்கேதான் கூடியிருக்கும். கல்லுப்போடு பூண்டை முதலில் இடியுங்கள். உப்பின் கூர்முனைகள் உராய்வைக் கொடுப்பதால் இரண்டு நிமிடத்தில் வெண்ணெய் போல் மசிந்துவிடும். பூண்டுக்கு உறைப்பைத் தரும் அல்லிசின், பல்லை நசுக்கும்போதுதான் உருவாகிறது. அதனால் இங்கே நறுக்கிய பூண்டு ஈடாகாது.

பிறகு இலை. கழுவினால் துணியில் ஒற்றி முற்றிலும் உலர்த்த வேண்டும். ஈர இலை சாந்தை நீர்க்கச் செய்யும், சீக்கிரம் கறுக்கவும் விடும். ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, குத்தாமல், குழவியை உரலின் பக்கவாட்டில் வட்டமாகத் தேய்த்து அரைக்க வேண்டும். இலை கிழிந்து சாறு விட்டதும் சீஸைச் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயை நூலாக ஊற்றிக் குழைக்க வேண்டும். சட்னி போல் மையாக வர வேண்டியதில்லை. இலைத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிவதே இயல்பு.

மிக்சியே கூடாதா என்றால், கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் குணத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும். வெட்டுப்பட்ட இலையில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. வேகமாகச் சுழலும் கத்தி நிறையக் காற்றையும் சூட்டையும் கலந்து அதை விரைவுபடுத்துகிறது. ஜாரையும் இலையையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, எண்ணெயில் பாதியை முதலிலேயே ஊற்றி, இரண்டு மூன்று விநாடிகளாக விட்டுவிட்டு ஓட்டினால் போதுமான பச்சை மிஞ்சும். மீதி எண்ணெயையும் சீஸையும் கையால் கலந்துகொள்ளலாம். கொதிக்கும் சூப்பில் நேர்வதோ வேறு கதை. அங்கே வெப்பமும் தக்காளியின் புளிப்பும் சேர்ந்து, பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைப் பெயர்த்துவிடுகின்றன; நிறம் மங்கிய பழுப்புப் பச்சையாகிறது. மணப்பொருள்களும் ஆவியோடு பறந்துவிடுகின்றன. சமையலறை முழுதும் கமகமவென்று மணந்தது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த மணம் கிண்ணத்தில் இருந்திருக்க வேண்டியது.

எந்தச் சீஸ் என்பது புரோவான்ஸில் குடும்பத்துக்குக் குடும்பம் சண்டை மூட்டும் கேள்வி. பார்மேசான் இன்று பரவலானது. மார்செயில் பழைய ஆட்கள் சிவப்புத் தோலுள்ள, நன்கு முதிர்ந்த டச்சு சீஸைத்தான் கேட்பார்கள். துறைமுக நகரமானதால் கடல்வழி வந்த அந்தச் சீஸ் அங்கே வேரூன்றிவிட்டது. சீஸே சேர்க்காமல் பூண்டு, இலை, எண்ணெய் மூன்றோடு நிறுத்துபவர்களும், அதற்குப் பதிலாகத் தோல் நீக்கிய ஒரு தக்காளியை உரலில் சேர்த்து இடிப்பவர்களும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசல் பார்மேசான் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு செய்யப்படுவது. சூப் முழுக்கக் காய்கறிதானே என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, தாவர உறைபொருளில் செய்த சீஸைத் தேடுவதோ சீஸை விட்டுவிடுவதோ நல்லது. சீஸ் இல்லாத சாந்துக்கு எந்தக் குறையும் இல்லை. எண்ணெயை மட்டும் 20 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

பைன் கொட்டை மட்டும் வேண்டாம். அது பிஸ்துவுக்கும் பெஸ்தோவுக்கும் இடையிலான எல்லைக்கோடு. இத்தாலியின் ஜெனோவாவில் செய்யும் பெஸ்தோவில் பைன் கொட்டை உண்டு; அந்த ஊரின் மினெஸ்த்ரோனே என்னும் காய்கறி சூப்பிலும் கடைசியில் பெஸ்தோவைக் கலப்பார்கள். இரு சூப்களையும் அருகருகே வைத்தால் அக்கா தங்கை என்று எவரும் சொல்லிவிடுவர். இதில் வியப்பில்லை. இன்று பிரெஞ்சு நகரமாக நாம் அறியும் நீஸ், 1860இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன் 1815 முதல் நீஸும் ஜெனோவாவும் சார்தீனிய அரசு என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன. ஒரே கடற்கரை, ஒரே மாலுமிகள், ஒரே வகை உரல். யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற வழக்கை அந்தந்த ஊர்க்காரர்களிடமே விட்டுவிடுவோம். கொட்டையில்லாத எளிய வடிவம் புரோவான்ஸினுடையது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சமைப்பதற்குப் போதும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வேறெங்கும் சூடுபடாத எண்ணெய் என்பதால் அதன் குறை நிறை அப்படியே தெரியும். முதல் பிழிவு ஆலிவ் எண்ணெயாக இருக்க வேண்டும். தொண்டையை அரிக்கும் காட்டமான வகையைவிட, நீஸ் பகுதியின் கையெத்தியே ஆலிவில் கிடைப்பதுபோன்ற பாதாம் சாயலுள்ள சாதுவான எண்ணெய் பொருத்தமானது. அது கிடைக்காவிட்டால், கடையில் சுவைத்துப் பார்த்தோ குறிப்பைப் படித்தோ மென்மையான ஒன்றை எடுங்கள். நல்லெண்ணெயைப் போட்டால் என்ன என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்கள். போடலாம், அப்போது அது நல்லெண்ணெய்த் துவையல்.

பரிமாறும் முறையிலும் இரண்டு கட்சிகள். சாந்தைப் பெரிய பாத்திரத்தின் அடியில் வைத்து, ஓர் அகப்பைச் சூப்பை ஊற்றிக் கரைத்து, மீதியைச் சேர்த்துக் கலந்து மேசைக்குக் கொண்டுவருவது ஒன்று. உரலை அப்படியே மேசை நடுவில் வைத்து, அவரவர் கிண்ணத்தில் அவரவர் வேண்டிய அளவு எடுத்துக் கலந்துகொள்ளச் செய்வது மற்றொன்று. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். குழந்தைக்கு அரைக் கரண்டியும் பூண்டுப் பிரியருக்கு இரண்டு கரண்டியும் போகும். மிஞ்சிய சூப்பும் மறுநாளுக்குக் கெடாமல் நிற்கும். சூப் கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது. வாயில் வைத்தால் சுடாத சூடு போதும், அந்தக் கோடையில் அறையின் குளிர்ச்சிக்கே ஆறியதையும் விரும்பிச் சாப்பிடுவார்கள். இதைத் தொடர்ந்து வேறு உணவு வருவதில்லை; ரொட்டித் துண்டோடு இதுவே முழுச் சாப்பாடு. ஆகஸ்டில் புரோவான்ஸ் கிராமங்கள் பலவற்றில் சதுக்கத்தில் நீள மேசைகளைப் போட்டு ஊரே உட்கார்ந்து இந்தச் சூப்பைக் குடிக்கும். ஒருவருக்குச் செய்வதும் நூறு பேருக்குச் செய்வதும் இதில் ஒரே வேலைதான், நறுக்கும் கைகள் மட்டும் கூடுதலாக வேண்டும்.

மிஞ்சியதைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சாந்து கலக்காத சூப்பைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம்; மறுநாள் சுவை கூடும் என்பது என் அனுபவம். ஆனால் பாஸ்தா இரவோடு இரவாகச் சாற்றையெல்லாம் உறிஞ்சி ஊதிவிடும். மிஞ்சும் என்று முன்பே தெரிந்தால், அந்தப் பங்கைப் பாஸ்தா போடுமுன் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் சூடாக்கும்போது புதிதாகப் போட்டு வேகவையுங்கள். சாந்தைச் சிறு கிண்ணத்தில் அழுத்தி, மேலே காற்றுப் படாமல் எண்ணெய் மூடும்படி ஊற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். அறைச் சூட்டில் வைக்கவே கூடாது: பச்சைப் பூண்டு எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் கிடப்பது போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர ஏற்ற இடம், அது வளர்ந்திருப்பது மணத்திலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம். நெடுநாள் வேண்டுமென்றால் சீஸ் சேர்க்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து வெளியில் வைத்து உருகவிட்டு, துருவிய சீஸைக் கலந்து, ஆறிய சூப்பின்மேல் போட்டுக்கொள்ளலாம். உருகவில்லையே என்று அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.